ஒநேசிமுவின் கையில் இருந்த தழும்பு

2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் மெகா தடுப்பூசி முகாம் நடத்தத் தொடங்கியது. நாங்கள் வேலை செய்த காலனியில் பாதிக்கு மேல் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஞாயிறு காலை எல்லோரும் ஆராதனையில் இருப்பார்கள். அதனால் முகாமையே ஆலய வாசலுக்குக் கொண்டுவந்தோம். பந்தல் போட்டோம், நாற்காலி போட்டோம், செவிலியர்கள் வந்தார்கள். மக்கள் வரவில்லை.

நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட மறுநாள் மாரடைப்பு வந்து, அதற்கடுத்த நாள் இறந்தது எல்லோர் மனதிலும் இருந்தது. அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ‘பிள்ளை பிறக்காது’, ‘இரண்டு வருடத்தில் செத்துவிடுவோம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதற்கெல்லாம் எங்களிடம் அச்சடித்த பதில் இருந்தது. ஓர் ஆயா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

“ரேஷன் கடையில நம்மள கடைசியாத்தான் கூப்புடுவான். சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு இருவது வருசமா மனு குடுக்கிறோம், ஒருத்தனும் வரல. இதுக்கு மட்டும் ஏன் கண்ணு தேடிக்கிட்டு நம்ம தெருவுக்கு வர்றாங்க?”

நாங்கள் துண்டறிக்கையை நீட்டினோம். ஆயா அதை வாங்காமல் நடையைக் கட்டினார்.

அன்று இரவு நாங்கள் பேசிக்கொண்டதில் ஒன்று தெளிவானது. அந்தக் கேள்வியை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ‘முதலில் யார் உடம்பில் போட்டுப் பார்க்கிறீர்கள்’ என்று அவர் கேட்கிறார். அதற்குப் பின்னால் முந்நூறு வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு பகுதி அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ சபையில் நடந்தது. மாணவத் தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறோம்.

பக்தர்களின் ஊர்

1721-ல் பாஸ்டன் ஆங்கிலேயரின் குடியேற்ற நகரம். மக்கள்தொகை சுமார் 11,000. இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒத்துப்போகாத பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் கட்டிய ஊர் அது. அங்கே சபையும் ஊரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. போதகர் பிரசங்க மேடையில் சொல்வதுதான் செய்தி, அதுவே சட்டம், அதுவே மருத்துவ ஆலோசனை என்கிற அளவுக்கு அவர்களுக்குச் செல்வாக்கு. அதே ஊரில் அடிமைகளும் இருந்தார்கள். பக்திமான்களின் வீட்டில் தண்ணீர் சுமந்தவர்களும், பனியை வாரிக் கொட்டியவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்கள்.

அந்த வருடம் ஏப்ரலில் ‘சீஹார்ஸ்’ என்ற போர்க்கப்பல் பார்படோஸிலிருந்து துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் பெரியம்மை இருந்தது. மே மாதத்தில் நோய் ஊருக்குள் பரவிவிட்டது. கடைசியாக அங்கே பெரியம்மை வந்தது 1702-ல். அதற்குப் பிறகு பிறந்த ஒரு தலைமுறைக்கு உடம்பில் எந்த எதிர்ப்பும் இல்லை. வசதி உள்ளவர்கள் கிராமங்களுக்கு ஓடினார்கள். மற்றவர்கள் ஜெபித்தார்கள்.

ஊரிலேயே பெயர் பெற்ற போதகர் காட்டன் மேதர். இவரைப் புனிதராகக் காட்டும் எண்ணம் நமக்கு இல்லை. 1692-ல் சேலம் என்ற ஊரில் சூனியக்காரர்கள் என்று சொல்லி அப்பாவிகளைத் தூக்கிலிட்டபோது அந்த விசாரணையை ஆதரித்து எழுதியவர் இவர். அடிமை வைத்திருந்தவர். 1706-ல் கறுப்பின அடிமைகளைக் கிறிஸ்தவர்களாக்க வேண்டும் என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். எஜமானர்கள் பயப்படுவார்கள் என்று அதிலேயே சமாதானமும் சொன்னார்: ஞானஸ்நானம் கொடுத்தாலும் அடிமை அடிமையாகவே இருப்பான், சட்டப்படி விடுதலை ஆகிவிட மாட்டான். ஆலயத்தில் தனி வரிசை, கல்லறையில் தனிச் சுவர் என்று பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தர்க்கத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1706-ல் மேதரின் சபையார் சிலர் பணம் திரட்டித் தங்கள் போதகருக்கு ஓர் அன்பளிப்பு கொடுத்தார்கள். அன்பளிப்பு ஒரு மனிதர்.

ஒநேசிமு

அவருடைய சொந்தப் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. மேதர் வைத்த பெயர் ஒநேசிமு. புதிய ஏற்பாடு படித்தவர்களுக்குத் தெரியும்: பிலேமோன் என்பவரிடமிருந்து ஓடிப்போன அடிமையின் பெயர் அது. பவுல் அவரை எஜமானிடமே திருப்பி அனுப்புகிறார். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்குப் ‘பயனுள்ளவன்’ என்று பொருள். ஒரு மனிதருக்கு அவர் எஜமானுக்கு என்னவாக இருக்க வேண்டுமோ அதையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் மேதர் அவரிடம், உனக்கு அம்மை வந்திருக்கிறதா என்று கேட்டார். அடிமை வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். ஏற்கெனவே வந்துபோயிருந்தால் மறுபடி வராது, விலையும் கூடும். ஒநேசிமு ‘ஆமாம்’ என்றும் சொன்னார், ‘இல்லை’ என்றும் சொன்னார். பிறகு விளக்கினார். தங்கள் நாட்டில் அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து கொஞ்சம் சீழ் எடுத்து, நன்றாக இருப்பவரின் தோலைக் கீறி அதில் வைப்பார்கள். லேசாகக் காய்ச்சல் வரும், சில கொப்புளம் போடும், ஆறிவிடும். அதற்குப் பிறகு அவருக்கு ஆயுளுக்கும் அம்மை பயம் இல்லை. சொல்லிவிட்டுத் தன் கையில் இருந்த தழும்பைக் காட்டினார்.

இன்று நாம் சொல்கிற தடுப்பூசி வேறு, இது வேறு. மாட்டம்மையிலிருந்து எட்வர்ட் ஜென்னர் தடுப்பூசி கண்டது 1796-ல். அதற்கு முன்பு ஆப்பிரிக்காவிலும், துருக்கியிலும், சீனாவிலும், வங்காளத்திலும் இருந்தது மனித அம்மையையே சிறிதளவு ஏற்றும் முறை. நம் ஊர்ப் பெரியவர்கள் ‘அம்மை குத்துவது’ என்று சொல்கிற வார்த்தை இரண்டுக்கும் பொருந்தும். ஜென்னரின் ஊசிக்குப் பாதை போட்டது இந்த முறைதான்.

மேதர் கேட்டதோடு நிற்கவில்லை. பாஸ்டனில் இருந்த மற்ற ஆப்பிரிக்கர்களையும் விசாரித்தார். வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட இதழில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஒரு மருத்துவர் இதே முறையைப் பற்றி எழுதியதையும் படித்தார். 1716-ல் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கட்டுரையைப் பார்ப்பதற்கு முன்பே தன் வீட்டு அடிமையிடமிருந்து இதைத் தெரிந்துகொண்டதாகக் குறிப்பிட்டார். அடுத்த முறை பெரியம்மை வந்தால் இதை முயன்று பார்க்கச் சொல்வேன் என்றும் எழுதினார்.

அதே 1716-ல் ஒநேசிமு மேதரின் வீட்டிலிருந்து வெளியேறினார். தனக்குப் பதிலாக இன்னொரு அடிமையை வாங்குவதற்குத் தன் பணத்தைக் கொடுத்துப் பெற்ற விடுதலை அது. அதுவும் அரைகுறை விடுதலை. கூப்பிட்டபோது வந்து வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதற்குப் பிறகு ஏடுகளில் அவர் கிட்டத்தட்ட இல்லை. ஐந்து வருடம் கழித்து அவர் சொன்ன வார்த்தையை வைத்து ஊரே இரண்டுபட்டபோது அவரைக் கூப்பிட்டு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் கீறப்பட்ட மூன்று பேர்

1721 ஜூன் மாதம் மேதர் ஊரில் இருந்த மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதினார். இந்த முறையைப் பற்றிக் கூடிப் பேசுங்கள், சரி என்று பட்டால் செய்யுங்கள் என்றார். ஒருவர்தான் முன்வந்தார். பெயர் சாப்டியேல் பாய்ல்ஸ்டன். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத, தந்தையிடம் தொழில் கற்ற அறுவை மருத்துவர்.

ஜூன் 26 அன்று பாய்ல்ஸ்டன் மூன்று பேருக்கு அம்மை குத்தினார். ஒருவர் அவருடைய சொந்த மகன் தாமஸ், ஆறு வயது. இரண்டாமவர் அவருடைய அடிமை ஜாக், முப்பத்தாறு வயது. மூன்றாவது, ஜாக்கின் மகன் ஜாக்கி. இரண்டரை வயதுக் குழந்தை.

மூவரும் பிழைத்தார்கள். ஆனால் இந்த இடத்தில் நாம் நின்றுதான் போக வேண்டும். பாய்ல்ஸ்டன் தன் பிள்ளையைப் பணயம் வைத்தார், அதை மறுக்கவில்லை. அது அவர் எடுத்த முடிவு. ஜாக்குக்கு அப்படி முடிவெடுக்கும் உரிமை இருந்ததா? தன் உடம்புக்கே உரிமை இல்லாத மனிதருக்குத் தன் குழந்தையின் உடம்பின்மீது என்ன உரிமை இருந்திருக்கும்? அன்றைய சட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இது பாஸ்டனில் மட்டும் நடந்த ஒன்று என்று நினைக்க வேண்டாம். அதே 1721 ஆகஸ்டில் லண்டன் நியூகேட் சிறையில் மரண தண்டனைக் கைதிகள் ஆறு பேருக்கு அம்மை குத்திப் பார்த்தார்கள். பிழைத்தால் விடுதலை என்று பேச்சு. ஆறு பேரும் பிழைத்தார்கள். அடுத்து அனாதைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் பத்திரம் என்று தெரிந்த பிறகு, 1722-ல் அரச குடும்பத்து இளவரசிகள் இருவருக்குப் போட்டார்கள். வரிசையைக் கவனியுங்கள்: கைதி, அனாதை, பிறகு இளவரசி. எங்கள் ஆயா கேட்டது இந்த வரிசையைப் பற்றித்தான்.

பிரசங்க மேடையில் நடந்த சண்டை

இன்றைக்கு மதம் என்றால் தடுப்பூசிக்கு எதிரி, படித்தவர்கள் என்றால் ஆதரவு என்று ஒரு பொதுப்புத்தி இருக்கிறது. பாஸ்டனில் நடந்தது நேர்மாறு. ஊரின் முக்கியப் போதகர்கள் அம்மை குத்துவதை ஆதரித்தார்கள். மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஊர் நிர்வாகிகள் பாய்ல்ஸ்டனைக் கூப்பிட்டுக் கண்டித்து, இனி செய்யக் கூடாது என்றார்கள்.

சபை மக்களிடமும் எதிர்ப்பு இருந்தது, அதுவும் பக்தியின் பெயரால். நோய் கடவுள் அனுப்பும் தண்டனை, அதில் மனிதன் கைவைக்கலாமா? ஆரோக்கியமாக இருக்கிறவனுக்கு வேண்டுமென்றே நோயைக் கொடுப்பது கொலையைத் தடுக்கும் ஆறாம் கட்டளையை மீறுவது ஆகாதா? செத்துப்போனால் யார் பொறுப்பு? இவை முட்டாள்தனமான கேள்விகள் அல்ல. கடவுளுக்குப் பயந்து வாழ்கிற ஒரு சமூகம் கேட்டே ஆக வேண்டியவை.

போதகர்கள் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்ட விதத்தில் நாம் கற்க ஒன்று இருக்கிறது. இன்கிரீஸ் மேதர், காட்டன் மேதர், பெஞ்சமின் கோல்மன், தாமஸ் பிரின்ஸ், ஜான் வெப், வில்லியம் கூப்பர் ஆகிய ஆறு பேரும் கையெழுத்திட்டுப் பாய்ல்ஸ்டனை ஆதரித்துப் பத்திரிகையில் கடிதம் வெளியிட்டார்கள். கூப்பர், மனசாட்சி உறுத்துகிற கிறிஸ்தவர்களுக்காகவே ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களுடைய வாதத்தின் சாரம் இது: மருந்தும் கடவுள் கொடுத்ததுதான். மரணத்தின் நேரத்தைக் கடவுள் குறித்திருக்கிறார் என்று நம்புகிற நீங்கள் சாப்பிடாமல் இருக்கிறீர்களா? உயிரைக் காக்கும் வழி தெரிந்த பிறகும் அதைத் தள்ளிவிடுவதுதான் கட்டளையை மீறுவது. எதிர்த்தவர்கள் எந்த வேதத்தைக் கையில் எடுத்தார்களோ அதே வேதத்தைக் கையில் எடுத்துப் பதில் சொன்னார்கள். நம்பிக்கை உள்ளவனை முட்டாள் என்று திட்டிவிட்டு அவன் கையை நீட்டச் சொல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எதிரணியின் தலைவர் டாக்டர் வில்லியம் டக்ளஸ். ஊரிலேயே மருத்துவப் பட்டம் பெற்றவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அம்மை குத்தப்பட்டவரிடமிருந்து மற்றவர்களுக்கும் நோய் பரவும். அவர்களைத் தனிமைப்படுத்தாமல் ஊர் நடுவில் இதைச் செய்வது ஆபத்து. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் டக்ளஸ் அதோடு நிற்கவில்லை. இந்த முறைக்குச் சாட்சி யார் என்று கேட்டார். ஆப்பிரிக்க அடிமைகள். அவர்களைவிடப் பொய் சொல்கிற இனம் பூமியில் இல்லை என்கிற பொருளில் எழுதினார். அடிமைகள் சொன்ன கதையைக் கேட்டு ஒரு போதகர் ஊரை விஷமாக்குகிறார் என்று கேலி செய்தார். 1721 ஆகஸ்டில் ஜேம்ஸ் பிராங்க்ளின் தொடங்கிய ‘நியூ இங்கிலாந்து கூரண்ட்’ என்ற பத்திரிகை அந்தக் கேலிகளுக்கு மேடை போட்டுக் கொடுத்தது.

ஆதரித்த தரப்பும் சுத்தமில்லை. மேதர் ஆப்பிரிக்கர்கள் சொன்னதை நம்பினார். ஆனால் எழுதும்போது அவர்கள் பேசியதைக் கொச்சையாக, சிரிப்பு வரும்படி உடைந்த ஆங்கிலத்தில் பதிவு செய்தார். சாட்சி வேண்டும், சாட்சி சொல்கிறவருக்கு மரியாதை வேண்டாம். நம் கிராமங்களில் நாட்டு வைத்தியம், விதை, மண், தோல் பற்றி நம் மக்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர்கள் பின்பு அச்சில் என்ன செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு பக்கம் ‘அடிமை சொன்னது, அதனால் பொய்’. இன்னொரு பக்கம் ‘அடிமை சொன்னது, ஆனாலும் உண்மை’. அந்த ‘ஆனாலும்’ என்ற சொல் இல்லாமல் சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை.

போதகரின் மகன்

வீட்டுக்கு வெளியே இவ்வளவு பேசிய மேதருக்கு வீட்டுக்குள் ஒரு சோதனை வந்தது. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த மகன் சாமுவேல் நோய்க்குப் பயந்து வீடு திரும்பினான். அவனுக்கு அம்மை வந்ததில்லை. குத்திக்கொள்கிறேன் என்று கேட்டான்.

மேதர் தவித்தார். அது அவருடைய நாட்குறிப்பில் தெரிகிறது. குத்தி, மகன் செத்தால் ஊர் தன்னை என்ன சொல்லும்? குத்தாமல், நோய் வந்து செத்தால் கடவுளுக்கு என்ன பதில் சொல்வது? ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தன் மகனுக்கு மட்டும் மறுத்தால் அது என்ன நியாயம்? சாமுவேலின் தாத்தா இன்கிரீஸ் மேதர், ரகசியமாகச் செய்துவிடு என்று யோசனை சொன்னார். ஆகஸ்டில் யாருக்கும் தெரியாமல் செய்தார்கள். சாமுவேலுக்குக் காய்ச்சல் கடுமையாக ஏறியது. சில நாட்கள் நிலைமை மோசமாக இருந்து பிழைத்தான்.

அந்த ரகசியம் நமக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஜாக்குக்கும் ஜாக்கிக்கும் போட்டது ஊருக்கே தெரியும். போதகரின் மகனுக்கு மறைவாகப் போடுகிறார்கள். ஆனாலும் போட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குச் சொன்னதைத் தன் பிள்ளைக்கும் செய்தார்.

நவம்பரில் ஒருநாள் விடியற்காலை மேதரின் வீட்டு ஜன்னல் வழியாக யாரோ ஒரு வெடிகுண்டை எறிந்தார்கள். அந்த அறையில் அவருடைய உறவினரான ஓர் இளம் போதகர் அம்மை குத்திக்கொண்டு படுத்திருந்தார். திரி கழன்று விழுந்ததால் குண்டு வெடிக்கவில்லை. குண்டோடு கட்டியிருந்த சீட்டில் மேதரை நாய் என்று திட்டி, இதோ உனக்கும் குத்துகிறேன் என்று எழுதியிருந்தது.

கணக்கு

நோய் ஓய்ந்த பிறகு கணக்குப் பார்த்தார்கள். இதுதான் இந்தக் கதையின் பெரிய கொடை. பாஸ்டனில் சுமார் 6,000 பேருக்குப் பெரியம்மை தானாக வந்தது. அதில் 844 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட ஏழில் ஒருவர். பாய்ல்ஸ்டன் அம்மை குத்தியது 240-க்கும் சற்று அதிகமானோருக்கு. அதில் இறந்தவர்கள் 6 பேர். நாற்பதில் ஒருவர். ஒரு மருத்துவ முறை பலன் தருகிறதா என்பதை இப்படி இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் முயற்சிகளில் இது ஒன்று.

அந்த ஆறு பேரையும் மறைக்காமல் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். ‘நூறு சதவீதம் பத்திரம்’ என்று யாரும் சொல்லவில்லை. ஏழில் ஒன்றா, நாற்பதில் ஒன்றா என்று மக்களே பார்க்கும்படி வைத்தார்கள். வாதத்தை வென்றது அந்தக் கணக்கு. பின்னாளில் டக்ளஸே அம்மை குத்துவதை ஏற்றுக்கொண்டார். கூரண்ட் பத்திரிகையில் அண்ணனிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த சிறுவன் பெஞ்சமின் பிராங்க்ளின் பெரியவனாகி அம்மை குத்துவதன் ஆதரவாளர் ஆனார். ஆனால் 1736-ல் தன் நான்கு வயது மகனை, அம்மை குத்தாமலேயே, பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். அந்த வருத்தத்தைத் தன் சுயசரிதையில் பெற்றோர்களுக்கு எச்சரிக்கையாக எழுதிவைத்தார்.

பாய்ல்ஸ்டன் லண்டன் போனார். 1726-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். மேதருக்கும் அந்தப் பெருமை கிடைத்தது. ஜாக்கும் ஜாக்கியும் பட்டியலில் முதல் வரிகளாக மிஞ்சினார்கள். தழும்பைக் காட்டிய மனிதருக்கு எஜமான் வைத்த பெயர் மட்டும் மிஞ்சியது.

நம் ஊரில்

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று விட்டுவிட முடியாது. ஜென்னரின் தடுப்பு மருந்து 1802-ல் இந்தியாவுக்கு வந்தது. ஜூன் 14 அன்று பம்பாயில் ஒரு வேலைக்காரரின் மூன்று வயது மகள் அன்னா டஸ்தாலுக்கு முதலில் போட்டார்கள். அந்தக் காலத்தில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. வெயிலில் மருந்து கெட்டுப்போகும். அதனால் ஒரு குழந்தைக்குப் போட்டு, ஒரு வாரம் கழித்து அந்தக் கொப்புளத்திலிருந்து பால் எடுத்து அடுத்த குழந்தையின் கையில் வைப்பார்கள். கையிலிருந்து கைக்கு அம்மைப்பால் போகும். அன்னாவின் கையிலிருந்து கிளம்பிய பால் இப்படித்தான் நாட்டின் பல பகுதிகளுக்கும் போனது. குழந்தைகளின் உடம்புதான் அன்றைய மருந்துக் குப்பி.

யாருடைய குழந்தைகள்? காசு கொடுத்தால் பிள்ளையை அனுப்ப வேண்டிய நிலையில் இருந்தவர்களின் குழந்தைகள். அவர்களில் பலர் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அந்தப் பால் எங்கள் பிள்ளைகளின் உடம்பில் ஏறினால் தீட்டு என்று சாதி இந்துக்கள் முரண்டு பிடித்ததை அன்றைய அதிகாரிகளின் அறிக்கைகள் சொல்கின்றன. தொட்டால் தீட்டு என்றவர்களின் உயிரைக் காக்கச் சேரிக் குழந்தையின் கையைக் கீறினார்கள்.

சென்னையில் இன்னொன்று நடந்தது. திருக்குறளை மொழிபெயர்த்தவர் என்று நாம் கொண்டாடுகிற எல்லிஸ் துரை, தடுப்பு மருந்தைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் ஒரு சிறு செய்யுள் இயற்றினார். அது பழைய காகிதத்தில் எழுதப்பட்டு, பழங்காலத்து ஏடு என்று பரப்பப்பட்டதாக அக்காலத்தவர் குறித்திருக்கிறார்கள். பசுவிடமிருந்து வருகிற மருந்து, சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்றால் பிராமணர்கள் ஏற்பார்கள் என்ற கணக்கு. நோக்கம் நல்லது என்று சிலர் சொல்லலாம். பாஸ்டன் போதகர்கள் வேதத்தை வைத்து வெளிப்படையாக வாதாடினார்கள், இங்கே வேதத்தையே புதிதாகச் செய்து கொடுத்தார்கள். பிராமணருக்குப் பழம்பெருமை தேடிக் கொடுக்க ஒரு கலெக்டர் உட்கார்ந்து செய்யுள் எழுதினார். கை கொடுத்த குழந்தைகளின் பெற்றோரிடம் உட்கார்ந்து பேச யார் இருந்தார்கள்?

ஆயாவுக்கு நாம் தர வேண்டிய பதில்

தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து இரண்டு விதமாக முடிவெடுக்கலாம். ‘நம்மை வைத்துத்தான் எப்போதும் சோதிக்கிறார்கள், அதனால் ஊசியே வேண்டாம்’ என்பது ஒன்று. கோபம் நியாயம். ஆனால் அந்த முடிவால் சாகப்போவது நாம். பாஸ்டனில் இறந்த 844 பேரில் அம்மை குத்தும் முறையை முதலில் சொன்ன ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

நாங்கள் எடுக்கும் முடிவு வேறு. தடுப்பூசி மேலே இருப்பவர்கள் இரக்கப்பட்டு நமக்குக் கொடுப்பதல்ல. நம்மைப் போல ஒடுக்கப்பட்ட ஒருவரின் அறிவும், நம்மைப் போன்றவர்களின் குழந்தைகள் கொடுத்த கையும் அதில் இருக்கின்றன. நாம் முன்பே விலை கொடுத்த பொருள் அது. அதை வாங்காமல் விடுவது நம் பங்கை அவர்களுக்கே விட்டுக்கொடுப்பது. வரிசையில் நின்று உரிமையாக வாங்க வேண்டியது, நியாயமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே.

அடுத்த தொற்று வரும்போது நம்மில் பலர் மறுபடி வீடு வீடாகப் போவோம். அப்போது மூன்று விஷயங்களை நினைவில் வைப்போம். நம்பிக்கை உள்ளவரிடம் அவருடைய நம்பிக்கையின் மொழியில் பேசுவோம். எத்தனை பேருக்குப் பலன், எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று இரண்டு எண்ணையும் சொல்வோம், அந்த ஆறு பேரை மறைக்க மாட்டோம். முதலில் நம் கையையும் நம் வீட்டாரின் கையையும் நீட்டுவோம், அதுவும் எல்லோரும் பார்க்க.

மூன்றாவது விஷயத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தக் காலனியின் போதகர். அவரும் நம் மக்களில் ஒருவர். இரண்டாவது ஞாயிறு அவர் பிரசங்கத்தில் தடுப்பூசியைப் பற்றி நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் தன் தாயைக் கைபிடித்து அழைத்துவந்து முதல் நாற்காலியில் உட்காரவைத்தார். பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அன்று வரிசை கேட் வரைக்கும் போனது.

ஆயாவும் வந்தார். ஊசி போட்டுக்கொண்டு, கையைத் தேய்த்தபடி எங்களிடம் வந்து, “போட்டுக்கிட்டேன். ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல” என்றார்.

அந்தப் பதிலைத்தான் தாமதமாக இங்கே எழுதியிருக்கிறோம். சுடுகாட்டுப் பாதைக்கான மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. அந்த மனுவையும் அடுத்த முகாமுக்கு எடுத்துக்கொண்டு போவோம். ஊசி போட வருகிற அதிகாரியிடம் அதே பந்தலில் வைத்துக் கொடுப்போம்.